வறுத்த உப்பு

1

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் இருக்கிறார். எங்கள் ஊர் என்று எழுதியதும் கை கொஞ்சம் நின்றது. நான் சொல்வது மல்லசமுத்திரம் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, நெசவு மில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வரும் ஒரு மழைக்கார ஊர். பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன், இதையும் எங்கள் ஊர் என்றுதான் சொல்லவேண்டும், வேறு என்ன செய்வது.

அந்த அம்மாளுக்கு வேலை, நேற்று நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது. ஊசி போடமாட்டார், நாடி பார்க்கமாட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, காலையில் என்ன, மத்தியானம் என்ன, நடுவில் கொறித்தது என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். நம் பக்கத்தில் ஒருவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்போம். எவ்வளவு சாப்பிட்டீர்கள், அதில் என்ன போட்டிருந்தது என்று கேட்டால் அது மரியாதை இல்லை. முதல் தடவை அவர் எதிரில் உட்கார்ந்தபோது எனக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை இது. போன குளிர்காலத்தில் ஒருநாள் மில்லில் தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன். இத்தனை வருஷம் இந்த மொழியில் பிழைத்தவன், அந்த நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்ற தமிழை அப்படியே தூக்கி, என் இதயம் நோகிறது என்று இங்கிலீஷில் வைத்துவிட்டேன். எனக்கு ஏதோ மனவருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார். தோளில் தட்டி, வீட்டுக்காரியோடு சண்டையா என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் டெலிபோனுக்கு ஓடினார். இதைச் சொல்லி நானும் என் மனைவி சரஸ்வதியும் பிறகு சிரித்திருக்கிறோம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிழைத்துவிட்டேன். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, இரத்தத்தைத் தள்ளச் சிரமப்படுகிறது, அதனால் உடம்பில் நீர் தங்குகிறது என்றார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நீர் போவதற்கு மாத்திரை கொடுத்து, உப்பை விட்டுவிடு என்று சொல்லி, அந்த அம்மாளிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, டின்னில் வரும் சூப் என்று நாங்கள் தொடாததாகப் பார்த்து எழுதியிருந்தது. அப்பளமும் ஊறுகாயும் அதில் இல்லை.

நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபடி, இது எங்கள் குடும்பத்துக்குப் பழகிய நோய், எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

2

பழகிய நோய் என்றது அப்பாவை நினைத்து.

எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதிருக்கும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாராம். என் தம்பி தங்கராசு அவரைப் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போனான். இதயம் பெரிதாகிவிட்டது, உப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதாக எனக்கு எழுதினான்.

நான் இங்கே மில் டாக்டரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். உடனே ஒரு நீலநிற வான்தபால் தாளை எடுத்து, நான்கு பக்கமும் இடம் விடாமல் எழுதினேன். உப்பு ஒரு கல் கூடப் போடக்கூடாது, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதையும் கண்ணில் காட்டக்கூடாது என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டேன். வெளிநாட்டில் இருக்கிற மூத்த மகனால் ஆகக்கூடியது அவ்வளவுதான், உத்தரவு போடுவது.

அம்மா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தங்கராசுக்குக் கருவாடு என்றால் உயிர். அப்பா மூக்கில் அந்த வாசனை படக்கூடாது என்று அவனுக்கும் நிறுத்திவிட்டாள். பிறகு, நோயாளி உள்ள வீட்டில் எங்கள் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்தாள். பிள்ளை பெற்றவளுக்கும் மருந்து சாப்பிடுகிறவனுக்கும் பச்சை உப்பு போடமாட்டார்கள். கல் உப்பை வடைச்சட்டியில் கொட்டி, படபடவென்று பொரிந்து சத்தம் அடங்கும்வரை வறுத்து, இடித்து, தனி ஜாடியில் வைத்துக்கொள்வார்கள். பச்சை உப்புதான் உடம்பில் நீர் கோக்கும், வறுத்தால் அதன் வேகம் போய்விடும் என்பது கணக்கு. அதை யாரும் உப்பு என்றே நினைப்பதில்லை. பத்தியத்தில் இருக்கிறேன், உப்பே சேர்ப்பதில்லை என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், வறுத்த உப்பு சாப்பிடுகிறார் என்றுதான் பொருள்.

இடையில் ஒருமுறை நான் குடும்பத்தோடு ஒரு மாத லீவில் போனேன். மகள் கவிதாவுக்கு நான்கு வயது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் போட்ட சோற்றையே நானும் சாப்பிட்டேன்.

"ஏம்மா, பத்தியச் சோறு மாதிரியே இல்லீங்களே, நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் உப்பு வறுத்ததையும் அன்று காலையில் நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சரஸ்வதி பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோதும் அதைத்தானே சாப்பிட்டாள்.

அந்த லீவில் அப்பாவை நானே சேலத்துக்குக் கூட்டிப் போனேன். அம்மாவும் வந்தாள். டாக்டர் அப்பாவின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"உப்பு போடறீங்களாம்மா?"

"ஒரு கல்லுகூடப் போடறதில்லீங்க சாமி. என்ற பையன் சீமைல இருந்து எழுதிட்டானுங்களே, அப்பறம் போடுவனுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மாத்திரை கூடிக்கொண்டே போனது, வீக்கம் குறையவில்லை. தந்தி இங்கே வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே அம்மாவிடம் சொன்னது, உன்னாட்ட ஒருத்தி புருசனப் பாக்க முடியாதாயா, ரெண்டு வருசம் பத்தியம் தவறலையே என்று. அம்மாவுக்கு அப்புறம் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு சொல்தான். பத்து வருஷமாக, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், ஒரு நாள் பத்தியம் தவறலீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் சித்திரை வாக்கில் தங்கராசுவுக்கும் அதே நோய் வந்தது. வயது முப்பத்தெட்டு. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் மேஸ்திரி. அவன் மனைவி அதே மில்லில் கிழங்கு தோல் உரிக்கப் போகிறாள். இரண்டும் பெண் குழந்தைகள். அதனால் வீட்டில் சமையல் அம்மாதான். "அம்மா இருக்காங்க, பத்தியத்துக்குக் கொறைவில்லைங்ணா" என்று எழுதியிருந்தான். படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

3

இங்கே சரஸ்வதியும் அதைத்தான் செய்தாள். மாமியாரிடம் கற்றுக்கொண்டபடி, ஜன்னலைத் திறந்துவைத்து, கரண்டியை விடாமல் கிளறி, பதமாக வறுப்பாள்.

மூன்று முறை அந்த அம்மாளிடம் போயும் என் கால் வடியவில்லை. டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். அந்த அம்மாள் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொல்லிக் கட்டம் போட்ட ஃபாரம் ஒன்றைக் கொடுத்தார். ரசத்துக்குக் கட்டம் இல்லை. சூப் என்று எழுதினேன். அவர் சூப்பைச் சிவப்பு மையில் சுழித்தார். டின் சூப் இல்லை, வீட்டில் வைத்தது என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. எதையாவது சொல்ல மறந்துவிட்டீர்களா என்று மறுபடி மரியாதையாகக் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பச்சை உப்பே கிடையாது, வறுத்த உப்புதான் என்று சொல்லி, அதை எப்படி வறுப்பது, எப்போது இறக்குவது என்று அவருக்குப் பாடமே நடத்தினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், வறுத்தால் ஈரம் மட்டும்தான் போகும், உப்பு முழுவதும் அப்படியே இருக்கும் என்றார். குரலில் கேலி இல்லை. இந்த வெள்ளைக்காரிக்குப் பத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சரஸ்வதியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கவிதா சாப்பாட்டு மேசையில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். நாங்கள் சோறு சாப்பிடும்போது அவள் ரொட்டியில் டின் பீன்ஸைக் கொட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு என்னவோ அங்கேயே இருந்தாள். தலையைத் தூக்காமல், அந்தம்மா சொன்னது சரிதான் என்றாள். உப்பு உருகுவதற்கே எண்ணூறு டிகிரி வேண்டும், அம்மாவின் சட்டி அதை ஒன்றும் செய்யாது, பள்ளிக்கூடத்தில் போன வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள்.

பிறகு, ஏதோ மறந்த பாடத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள். தாத்தாவும் இதைத்தான் சாப்பிட்டாரா?

சரஸ்வதி அடுப்பை அணைத்தாள். நான் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தாத்தாவின் முகம்கூட ஞாபகம் இருக்காது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லா இருக்குதுங்க என்று நான் சொன்னதும், டாக்டர் கேட்டபோது தலையாட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவமானமாக இருந்தது. எழுதி உத்தரவு போட்டவன் நான், பார்த்தவன் நான், ருசித்தவன் நான்.

அப்புறம்தான் தங்கராசு ஞாபகம் வந்தது. அங்கே விடிந்ததும் அம்மா அவனுக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள்.

4

கடிதம் எழுத முடியாது. எங்கள் வீட்டில் கடிதம் யாருக்கு வந்தாலும் அது எல்லாருக்கும் வந்ததுதான். தங்கராசுவின் மூத்த பெண் வாசலில் நின்று உரக்கப் படிப்பாள், அம்மாவும் பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள். மில் விலாசத்துக்கு எழுதலாம், பத்து நாளாகும். பத்து நாள் என்பது முப்பது வேளைச் சோறு. அதனால் மில் ஆபீசுக்கு டெலிபோன் போட்டேன். மூன்று தடவை அறுந்து நான்காவது தடவை கிடைத்தது. தங்கராசு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"அண்ணா, சொல்லுங்ணா. உடம்பு எப்படி இருக்குதுங்க?"

"அது கெடக்குது. தம்பி, அம்மா உனக்குப் போடறாங்களே, வறுத்த உப்பு, அதைத் திங்காதே. வறுத்தாலும் அது உப்புத்தானாம். நம்ம நோய்க்கு அது ஆகாதாம்."



"தெரியுமுங்ணா" என்றான்.

"என்ன தெரியும்?"

"போன ஐப்பசிலயே டாக்டரு துருவித் துருவிக் கேட்டாருங்க. வறுத்து இடிச்சுப் போடறாங்கன்னேன். அதும் உப்புத்தாண்டான்னு சத்தம் போட்டாருங்க."

"தெரிஞ்சுமா திங்கறே?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்கல்லங்ணா? காரணத்தைச் சொன்னா, அப்ப உங்கய்யனுக்கு நா என்னத்தப் போட்டேன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்க என்னன்னு பதில் சொல்லுவீங்க?"

எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்போம். நான் வேறு வழி தேடினேன்.

"உன்ற உடம்புக்கு மட்டும் ஆகாதுன்னு சொல்லிப் பாரேன்."

"சொல்லிப் பாத்துட்டனுங்க. உங்கய்யனுக்கு ஆச்சு, உனக்கு ஏன் ஆகாதுன்னாங்க. சரீன்னு உட்டுட்டேன். கட்டிக் குடுக்கறதுல பாதிய இங்க நாய்க்கு வெச்சுட்டுப் பாதியத்தான் திங்கறனுங்க. நீங்க பயப்படாதீங்ணா."

"கால் எப்படி இருக்குது?"

"செருப்புப் பத்த மாட்டேங்குதுங்ணா."

இதை அவன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். நான் அவனைத் திட்டினேன். ரெண்டு பொம்பளைப் புள்ளைகளை வெச்சுட்டு என்னடா செய்யறே என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எழுதிப் போடாதீங்ணா, என்ற மேல சத்தியம்" என்றான். லைன் அறுந்துவிட்டது.

கோபம் அடங்க நேரமாயிற்று. அது யார் மேல் வந்த கோபம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் தம்பியைக் காப்பாற்ற வழியில்லை. தெரிந்தால் அம்மாவைக் காப்பாற்ற வழியில்லை.

5

நானே போவது என்று முடிவு செய்தேன். போன் செய்து சொல்லிவிட முடியாத காரியம் அது. என் டாக்டர் மனசில்லாமல்தான் சம்மதித்தார்.

பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டவன் நான். சொந்த ஊருக்குப் போக இப்போது விசா வேண்டும். இந்தியத் தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். குடும்பத்தில் இறப்போ, உயிருக்கு ஆபத்தோ என்றால் இன்றைக்கே தருகிறோம், மற்றபடி ஐந்து வேலை நாள் ஆகும் என்று விளக்கினார். சாவா என்று கேட்டார். இல்லை என்றேன். ஃபாரத்தில் போகும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. சாவு நடக்காமல் இருப்பதற்காகப் போகிறேன் என்பதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், உறவினரைப் பார்க்க என்று எழுதி, ஐந்து நாள் காத்திருந்தேன்.

கவிதா வரவில்லை, பரீட்சை. புறப்படும்போது, பாட்டியின் தப்பு இல்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள் என்றாள், இங்கிலீஷில். அவள் மொழியில் அது சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயமாக இருந்தது. விமானத்தில் அதைத் தமிழில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் முதலில் ஒரு தப்பு நடந்தது என்று சொல்லவேண்டி வந்தது.

6

சேலத்தில் பஸ் மாறி, ஆட்டையாம்பட்டி தாண்டி, மல்லசமுத்திரத்தில் இறங்கினேன். தங்கராசு காத்திருந்தான். கணுக்காலுக்கும் பாதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஊர் வெளியில் களத்தில் சேகோ மாவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான். "வேண்டாமுங்ணா."

அம்மா என்னை உட்கார வைத்து, முதல் வேலையாக என் காலை அழுத்திப் பார்த்தாள். சேலத்து டாக்டர் அழுத்திய அதே மாதிரி, கட்டைவிரலால். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"நீயுமா சாமி" என்றாள். "சரி, வந்துட்டயல்ல. உனக்குஞ் சேத்தித்தான் நேத்தே வறுத்து வெச்சுட்டேன்."

மத்தியானம் இரண்டு வட்டலில் அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். எனக்கொன்று, தம்பிக்கொன்று. பூண்டும் சீரகமும் மணத்தது. பசி வேறு. தங்கராசு என்னைப் பார்க்காமல் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அவன் இதைத் திங்க வேண்டாமுங்க."

"ஏஞ்சாமி, ருசியில்லையா?"

"வறுத்தாலும் உப்பு உப்புத்தானுங்கம்மா. வறுத்தா ஈரந்தான் போகும். இந்த நோய்க்கு அது ஆகாதுங்க. அங்கயும் சொன்னாங்க, இங்க டாக்டரும் சொல்லிட்டாரு."

அம்மா சிரித்தாள். "அதெப்படி? உங்கய்யனுக்கு ரெண்டு வருசம் நா..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கையில் கரண்டி இருந்தது. அதைப் பாத்திரத்தில் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

நான் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். ஐயனுக்கு அப்பவே நோய் முத்திப் போயிருந்தது என்றேன். உப்பே இல்லாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது என்றேன். எழுதினவன் நான், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அவள் எதையும் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. தங்கராசுவைப் பார்த்தாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்கறனல்ல."

"ஐப்பசிலிங்கம்மா."

இது ஆனி மாதம். அம்மா உதட்டை அசைத்து மாதங்களை எண்ணினாள்.

"எட்டு மாசம். தெரிஞ்சே தின்னயா?"

"நீங்க ஆக்கிப் போட்டதுங்கம்மா."

அம்மா குனிந்து அவன் கைக்கு எட்டாத தூரத்துக்கு வட்டலை இழுத்தாள். என்னுடையதையும் இழுத்தாள். பிறகு அடுப்போரமாக உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழுதிருந்தால் நல்லது. அடுப்பைப் பார்த்துப் பேசினாள். எங்களிடம் பேசின மாதிரியே இல்லை.

"கடசி ரெண்டு நாளு உங்கய்யன் வாயைத் தொறக்கலை. வேண்டாம் புள்ளேன்னு கையத் தட்டி உட்டாரு. பத்தியச் சோறுதானுங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி நாந்தான் ஊட்டி உட்டேன்."



இரண்டு நாள் கழித்து அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சொன்னால் கேட்பாள் என்று ஒரு நம்பிக்கை. தம்பியைப் பார்க்கிற டாக்டர் இளவயதுக்காரர், அப்பாவைப் பார்த்தவர் இல்லை. அம்மா நேராகக் கேட்டாள். "நா உப்புப் போடாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?" அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அதை இப்பச் சொல்ல முடியாதும்மா" என்றார். அம்மா சரீங்க சாமி என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

7

திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. என் கால் வடிந்துவிட்டது. அந்த அம்மாள் என் எடையைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். உப்பில்லாத சோறு முதல் மூன்று வாரம் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. எலுமிச்சையும் மிளகும் கொத்தமல்லியும் கொஞ்சம் கைகொடுத்தன. பிறகு நாக்கு பழகிவிட்டது. உப்பில்லாத ரசத்துக்கு ஒரு ருசி இருக்கிறது என்று இப்போது நான் சொன்னால் சரஸ்வதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனாலும் அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருந்தால், உப்பு சேர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்கும்போது வறுத்த உப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோடா உப்பைச் சொல்லுங்கள். மோர் மிளகாயைச் சொல்லுங்கள். எது உப்பு, எது உப்பில்லை என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். நான் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, அம்மா அடுப்படியில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் அவர் மேல் உயிரை வைத்துக்கொண்டுதான் போனோம்.

நான் செய்தது சரியா என்று சரஸ்வதியைக் கேட்டேன். தங்கராசு உயிரோடு இருக்கிறானே என்றாள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு பகலை ஓட்டிவிடுகிறேன்.

போன வாரம் தங்கராசுவின் கடிதம் வந்தது. அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான். வீக்கம் நன்றாக வற்றிவிட்டது, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், மில்லில் மாடிப்படி ஏறுகிறேன் என்று முதல் பக்கம் முழுவதும் நல்ல சேதி. இந்தத் தடவை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டாமல் அவனே எழுதி அவனே ஒட்டியிருக்கிறான். கடைசி மடிப்பில், இடம் போதாமல் பொடியாக எழுதியிருந்தது.

"அம்மா இருக்காங்ணா. அடுப்புப் பக்கம் மட்டும் வாரதில்லை. நேத்து சின்னவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, அப்பத்தா பசிக்குது, சோறு போடுங்கன்னு கேட்டிருக்கறா. உங்கம்மா வரட்டும் சாமீன்னு சொல்லிட்டாங்களாம். எங்க ஊட்டுக்காரி கெழங்கு மில்லு உட்டு வர ஆறு மணி ஆகுமுங்க. புள்ளை அதுவரைக்கும் அழுதுட்டே உக்காந்திருந்திருக்குது. சோத்துப் பானை அம்மா கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சுங்ணா."